ஏழாம் தாளின் பின்புறம்

வெள்ளைத் தொப்பியும் வெள்ளை மனமுமாக இந்த அவையின் நடுநாயகமாய் வீற்றிருக்கும் தலைவர் றஹீம் நானா அவர்களே! பதுளைக் கடைவீதியின் கண்ணியம் காக்கும் கனவான்களே! ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாகக் கடைக் கதவைச் சாத்திவிட்டு, ஒரு புத்தகத்துக்காக வந்து பாயில் உட்கார்ந்திருக்கும் வணிகப் பெருமக்களே! ஸ்பிரிங்வெளி மலையிலிருந்து நடந்து இறங்கி, லுணுகலையிலிருந்து வண்டி பிடித்து, ஹல்துமுல்லையிலிருந்து ஏறி இறங்கி ரயில் பிடித்து வந்திருக்கும் என் தோட்டத்துத் தாய்மார்களே, தந்தைமார்களே! எல்லாருக்கும் முன்னால் விளித்திருக்க வேண்டிய, ஆனால் எல்லா மேடையிலும் கடைசியாகவே விளிக்கப்படுகிற இளைஞர்களே, இளம்பெண்களே! உங்கள் அனைவரின் முன்னும் புடவைக்கடை வைரவநாதன் தலை வணங்கி நிற்கிறேன்.

பின்வரிசைக்குக் கேட்கிறதா? கேட்கவில்லையா? அப்படியானால் முன்னால் வாருங்கள். முன்வரிசைப் பாய் பெரிய மனிதர்களுக்கு என்று யாரும் எழுதி வைக்கவில்லை. வாருங்கள் அம்மா, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாருங்கள். அழுதால் அழட்டும், என் பேச்சைக் கேட்டுப் பெரியவர்களே அழுதிருக்கிறார்கள்.

சபையோர்களே! இன்று நாம் கூடியிருப்பது எதற்கு? "நாடு சமைத்த பன்னிருவர்" என்ற படப்புத்தகத்தின் இரண்டாம் பதிப்பை வெளியிடுவதற்கு. ஒரு நாடு தானாக முளைப்பதில்லை. வயல் கேட்டவனுக்கு வாய்க்கால் வெட்டியவர் ஒருவர் வேண்டும். வாயில்லாதவனுக்கு வழக்குரைத்தவர் ஒருவர் வேண்டும். எழுத்தறியாத ஊரில் ஏட்டை விரித்தவர் ஒருவர் வேண்டும். எங்களுக்கும் ஒரு சபை வேண்டும் என்று அரசாங்கத்தின் கதவைத் தட்டியவர் ஒருவர் வேண்டும். அப்படி அடித்தளமிட்ட பன்னிருவரின் வாழ்க்கையைப் பதினான்கு, பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் படிக்கும்படி, படம் போட்டு, பெரிய சொற்களைத் தவிர்த்து எழுதினேன். தவிர்த்தேன் என்றுதான் நினைத்தேன். என் கடைக் கணக்கர் அதைப் படித்துவிட்டு நாலு நாள் அகராதி தேடினார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இன்னும் கொஞ்சத்தில் சிரிக்க முடியாத இடத்துக்கு உங்களை அழைத்துப் போகப் போகிறேன்.

முதற்பதிப்பு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்திரண்டாம் ஆண்டின் கடைசியில் வந்தது. அப்போது நம் ஊருக்கு ரயில் வரவில்லை. கொழும்பில் அச்சான முந்நூறு பிரதிகளும் பண்டாரவளை வரை ரயிலில் வந்து, அங்கிருந்து மாட்டுவண்டியில் நனைந்துகொண்டு வந்தன. படங்களை வரைந்தவர் நம் கடைத்தெருவில் பெயர்ப்பலகை எழுதும் ஜெயராசா. அதோ தூணுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறார். அவருக்கு ஒரே ஒரு மீசைதான் வரையத் தெரியும். ஆகையால் நாடு சமைத்தவர்கள் அத்தனை பேருக்கும் அதே மீசை. பன்னிருவரில் ஒருவர் அம்மையார் என்று கடைசி நேரத்தில் நான் நினைவுபடுத்தியதால் அவர் மட்டும் தப்பினார்.

படத்தை அவர் செய்தார், பாழை நான் செய்தேன். கடதாசியை மிச்சம் பிடிக்க எண்ணி, ஒரு தாளில் ஒரு பெரியவர் என்று திட்டம் போட்டேன். தாளின் முன்புறம் முழுக்கப் படம். பின்புறம் முழுக்கப் பொடி எழுத்தில் அவர் சரித்திரம். பன்னிரண்டு தாள், ஒரு நூல் தையல், முடிந்தது புத்தகம். என்ன சிக்கனம், என்ன சாமர்த்தியம் என்று என் முதுகில் நானே தட்டிக்கொண்டேன்.

அடுத்த தைப்பொங்கலுக்கு முந்திய நாள், வழக்கம்போலத் துணிமூட்டையோடு தோட்டங்களுக்குப் போனேன். ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தோட்டம். பெயரைச் சொல்லமாட்டேன், சொல்லாமலே இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். பொங்கலுக்கு லயத்து வீடுகளில் என்ன செய்வீர்கள்? சொல்லுங்கள். ஆமாம், வெள்ளையடிப்பீர்கள். வெள்ளையடித்த கையோடு? பழைய சாமிப் படத்தை எடுத்துவிட்டுப் புதுப் படம் ஒட்டுவீர்கள். காலண்டர்ப் படமோ, தீப்பெட்டிப் படமோ, துணிப்பேல் மூட்டையில் வருகிற லட்சுமி படமோ, கிடைத்ததை மாப்பசை தடவிச் சுவரில் ஒட்டி, சந்தனம் வைத்து, சூடம் காட்டுவீர்கள்.

நான் போன லயத்தில் ஒற்றை அறைக் காம்பரா ஒன்றின் சுவரில் முருகன் நின்றார். முருகனுக்கு இருபுறமும் ஆறாறு பேராக, ஒரே மீசையோடு, பதினொரு ஆண்களும் ஓர் அம்மையாரும் நின்றார்கள். நெற்றியெல்லாம் குங்குமம். காலடியில் சூடம் எரிந்த கறுப்பு. படம் வெளியே, சரித்திரம் சுவரோடு. நான் இரண்டு வருஷம் கண் விழித்து எழுதிய எழுத்தெல்லாம் மாப்பசைக்குள்ளே.

எனக்குக் கோபம் வரும் என்பது இந்த ஊருக்கே தெரியும். அன்று வந்த கோபம் தனி ரகம். அந்தக் காம்பராவுக்காரர் பொன்னையா, தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற மனிதர், கைகட்டி நின்றார். நான் திட்டினேன். புத்தகத்தைக் கொன்றுவிட்டாயே என்றேன். படிக்கக் கொடுத்ததைப் பூசைக்கு வைத்தாயே என்றேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்று சொன்னார். "ஊருக்கு நல்லது செஞ்சவங்கன்னு மகதான் சொன்னிச்சுங்க. அப்பேர்ப்பட்டவங்களப் பொஸ்தகத்துக்குள்ள ஒருத்தர் மேல ஒருத்தரா அடைச்சு வைக்கலாங்களா? மூச்சு முட்டாதுங்களா?"

என் பன்னிருவருக்கு அவர் காட்டிய மரியாதையில் பத்தில் ஒரு பங்கு இந்தக் கடைவீதியில் யாராவது காட்டியிருந்தீர்களா? என்னிடம் இனாமாய் வாங்கிப்போன பிரதியில் பருப்பு மடித்துக் கொடுத்த கடைக்காரரை எனக்குத் தெரியும். அவரும் முன்வரிசையில்தான் இருக்கிறார்.

அந்த நேரத்தில், முதுகில் கொழுந்துக்கூடையோடு அந்த மகள் வந்தாள். பெயர் பாக்கியலெட்சுமி. வயது பதினைந்து. தோட்டப் பள்ளிக்கூடத்தை விட்டு ஐந்து வருஷம் ஆகியும் எழுத்தை விடாதவள். மலையில் பகல் சோற்று நேரத்தில் ஐந்து பெண்களை உட்காரவைத்து என் புத்தகத்தை வாசித்துக் காட்டியவள் அவள்தான். எழுத்துக் கூட்டி வாசித்தாளா? இல்லை. ஏற்ற இறக்கத்தோடு வாசித்தாளாம். ஏழாம் தாளின் பின்புறம் பாதி வாசித்துக்கொண்டிருக்கும்போது வேலையை மேற்பார்க்கும் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வந்து மூடச் சொல்லிவிட்டார். மீதியை வீட்டில் படிக்கலாம் என்று கொண்டுவந்து அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்தாள். அன்று மாலை அவள் தண்ணீருக்குப் போன சமயம் அப்பா தையலைப் பிரித்து எல்லாரையும் சுவரில் ஏற்றிவிட்டார்.

ஏழாம் தாளில் இருந்தவர் யார்? நம் ஊவா மாகாணத்து வேலப்பனார். பழைய காலத்துப் பொதிமாட்டு வியாபாரி. வரி கொடுக்கிறவனுக்கு வாய் திறக்க ஒரு சபை வேண்டும் என்று முதல் மனு எழுதியவர். அதற்காகக் கடலோரக் கோட்டையில் அடைக்கப்பட்டவர். ஒரு வருஷம் கழிந்தபின் அவர் முன்னால் ஒரு கடதாசியை நீட்டினார்கள். "இனி மனு எழுதமாட்டேன், மன்னிக்கவேண்டும்" என்று அதில் எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டால் வீட்டுக்குப் போகலாம். அந்த வரியில்தான் அவள் வாசிப்பு நின்றது. அந்த வரிக்கு அடுத்த வரி மாப்பசைக்குள் இருந்தது.

அவள் கூடையை இறக்கவில்லை. என்னை நேராகப் பார்த்துக் கேட்டாள். "நீங்கதான எழுதினீங்க. அவரு கையெழுத்துப் போட்டாருங்களா, இல்லீங்களா?"

என் நெஞ்சு விம்மியது. முந்நூறு பிரதியில் எனக்கு ஒரு வாசகி கிடைத்துவிட்டாள்! நான் துணிமூட்டையின்மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு, இதோ இந்தக் குரலிலே சொன்னேன். "போடவில்லை அம்மா! கடதாசியைக் கிழித்தெறிந்தார். காவலன் கண்ணெதிரே காற்றில் பறக்கவிட்டார். கை போனாலும் கையெழுத்துப் போகாது என்று கர்ஜித்தார்!"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். சரிங்க என்றாள். உள்ளே போய்விட்டாள். எதற்காகக் கேட்கிறாய் என்று நான் கேட்டேனா? கேட்கவில்லை. இரண்டு சேலையும் ஒரு சோமன் வேட்டியும் விற்றுவிட்டு, பெருமை பொங்க மலையிறங்கினேன்.

சபையோர்களே, இப்போது என் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்கிறேன். முன்னால் வந்தவர்களுக்குக் கேட்கும், மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளவேண்டும்.

பதினைந்து நாள் கழித்து, என் கடை வாசலில் ஒரு குடும்பம் வந்து நின்றது. பொன்னையா தலையில் தகரப்பெட்டி. அவர் மனைவி ரெங்கம்மா இடுப்பில் சட்டிபானை மூட்டை. பின்னால் பாக்கியலெட்சுமி, கையில் முருகன் படம். எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்றேன். ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை இருக்கிறதாம், நடந்து போகிறோம் என்றார் பொன்னையா. ஏன் என்றேன். அவர் மகளைப் பார்த்தார். மகள் ரோட்டைப் பார்த்தாள். ரெங்கம்மாதான் சொன்னார்.

பொங்கலுக்கு மறுநாள், காலைப் பெரட்டில், எல்லாரும் வரிசையாய் நின்று பெயர் கொடுக்கிற அந்த இருட்டில், கணக்கப்பிள்ளை, முன்பே மிரட்டியிருந்தபடி, அந்த ஆறு பெண்களையும் தனியே நிறுத்தினாராம். இனிமேல் மலையில் புத்தகம் விரிக்கமாட்டேன், யாருக்கும் வாசித்துக் காட்டமாட்டேன் என்று எழுதிய கடதாசியை நீட்டினாராம். ஐந்து பேர் பெருவிரலைப் பதித்தார்கள். எழுதத் தெரிந்தவள் இவள் ஒருத்திதான். பேனையை இவள் கையில் கொடுத்தார். இவள் திருப்பிக் கொடுத்துவிட்டாள். போடாவிட்டால் பெயர் வெட்டுப்படும், காம்பராவும் போகும் என்று மூன்று நாள் தவணை சொன்னார்கள். அப்பா கெஞ்சினார், அம்மா அழுதார். மூன்றாம் நாளும் போடவில்லை. வேலப்பனார் போடவில்லையே!

அந்த லயத்தில்தான் பொன்னையா பிறந்தார். அந்த லயத்துக்கு மேலே, தேயிலை நிரைக்கும் ஓடைக்கும் நடுவில், ரெங்கம்மாவின் மூன்று வயது மகனைப் புதைத்த இடம் இருக்கிறது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அங்கே ஒரு விளக்கு வைத்துவிட்டு வருவாராம். அதை விட்டுவிட்டுத்தான் வந்து என் வாசலில் நின்றார். என்னைக் குறை சொன்னாரா? குடிக்கத் தண்ணீர்தான் கேட்டார்.

நான் என்ன சொல்ல வருகிறேன் என்று இன்னும் புரியாதவர்கள் இருப்பீர்கள். ஒருவருக்கு மட்டும் அன்றே புரிந்தது. அவர் இதோ தலைமை நாற்காலியில் இருக்கிறார். றஹீம் நானா, மன்னியுங்கள், இதைச் சொல்லாமல் நான் இறங்க முடியாது.

புத்தகம் எழுதுவதற்கு முன்னால், வேலப்பனாரைப் பற்றி எனக்குச் செய்தி சொன்னவர் றஹீம் நானாதான். அவருடைய மூத்தவாப்பா அந்தக் கோட்டைக்குப் பொதிமாட்டில் அரிசி ஏற்றிப்போன தவளக்காரர். கண்ணால் கண்டதைப் பேரனுக்குச் சொல்லியிருந்தார். என்ன கண்டார்? வேலப்பனார் அந்தக் கடதாசியை இரண்டு தரம் வாசித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

ஆமாம், போட்டார்.

போட்டுவிட்டு வெளியே வந்தார். ஊரில் பலர் முகம் கொடுத்துப் பேசவில்லை. பயந்தவன் என்று சொன்னார்கள். அவர் அடுத்த வாரமே விளக்கைத் திருத்திவைத்துக்கொண்டு இரண்டாவது மனுவை எழுத உட்கார்ந்தார். இப்படி மொத்தம் ஒன்பது மனு எழுதினார். ஒன்பதாவது மனுவுக்குத்தான் சபை வந்தது.

இதையெல்லாம் நான் அறிவேன். அறிந்தும் எழுதவில்லை. இளம்பிள்ளைகள் படிக்கிற புத்தகத்தில் பெரியவர் பணிந்தார் என்று எழுதலாமா, ஜெயராசா போட்ட மீசைக்கு அது பொருந்துமா என்று யோசித்தேன். கிழித்தெறிந்தார் என்று எழுதினேன். கர்ஜித்தார் என்று எழுதினேன். கோட்டையில் அடைபட்டுக் கிடந்த மனிதர் ஒரு வார்த்தை கர்ஜிக்கவில்லை ஐயா. கர்ஜித்ததெல்லாம் பதுளையில் பஞ்சு மெத்தையில் சாய்ந்திருந்த நான்.

அந்தக் குடும்பம் போனபிறகு நானாவின் கடைக்குப் போய்ச் சொல்லி அழுதேன். அவர் திட்டவில்லை. அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "பெரியாக்களுக்குப் பொய் சொன்னா அவங்க கேட்டுட்டு மறந்துருவாங்க தம்பி. புள்ளைகள் அத நம்பி நடந்துரும்." அவ்வளவுதான் சொன்னார். பிறகு தேத்தண்ணீர் ஊற்றித் தந்தார்.

இந்த வருஷம் ரயில் வந்தது. இரண்டாம் பதிப்புப் போடலாம் என்று நண்பர்கள் தூண்டினார்கள். முதலில் ஒருத்தியைப் பார்க்கவேண்டும் என்று சொல்லிவிட்டு, ஹப்புத்தளை வரை ரயிலில் போய், அங்கிருந்து ஹல்துமுல்லைக்குக் கீழே நடந்தேன். கோடி லயத்தில் கடைசிக் காம்பரா. மழை பெய்தால் உள்ளேயும் பெய்யும். பொன்னையா என்னைக் கண்டு ஓடிவந்து பலகை எடுத்துப் போட்டார். என் கடையில் வேலை தருகிறேன், வாருங்கள் என்றேன். அவர் சிரித்துவிட்டு, துணி மடிக்கத் தெரியாதுங்க, கவ்வாத்துக் கத்திதான் தெரியும் என்றார். பழைய தோட்டத்துத் துரைக்கு எழுதிக் கேட்டதையும் சொன்னேன். பதில் வரவில்லை என்பதையும் சொன்னேன்.

பாக்கியலெட்சுமி மலையிலிருந்து வரும் பாதையில் போய் நின்றேன். இப்போது அவளுக்குப் பதினேழு வயது. நின்று பேச நேரமில்லாமல் நடந்துகொண்டே வந்தாள். நானும் கூடவே நடந்து, மூச்சுவாங்க, நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் போட்டார் அம்மா, நான்தான் பொய் எழுதினேன் என்றேன். உன்னிடம் நேரிலும் அதே பொய்யைச் சொன்னேன் என்றேன்.

அவள் நின்றாள். சபையோர்களே, நான் எதை எதிர்பார்த்தேன் தெரியுமா? இந்த எழுத்துக்காரப் புத்தி இருக்கிறதே, அது மன்னிப்புக் கேட்கும்போதுகூட அலங்காரத்தைத்தான் தேடும். அவர் போட்டாலும் நான் போட்டிருக்க மாட்டேன் என்று அவள் சொல்வாள் என எதிர்பார்த்தேன். அதைக் கொண்டுவந்து இந்த மேடையில் முழங்கலாம், நீங்கள் கைதட்டுவீர்கள் என்றுகூட எண்ணினேன்.

அவள் சொன்னது வேறு. கோபமில்லாமல், மெதுவாகச் சொன்னாள். "தெரிஞ்சிருந்தா நானும் போட்டிருப்பேங்க. போட்டுட்டு, வேற எடத்துல வச்சுப் படிச்சிருப்பேன். அம்மா வெள்ளிக்கெழம வெளக்கு வச்சிருக்கும்."

சொல்லிவிட்டுக் கொழுந்து நிறுக்கப் போய்விட்டாள்.

யாரும் கைதட்டவேண்டாம். இது கைதட்டுகிற இடமில்லை.

வேலப்பனாரை நான் பெரிதாக்கவில்லை, சிறிதாக்கிவிட்டேன். ஒரே நாளில் உயர்ந்து நின்ற மனிதராக அவரை வெட்டிச் செதுக்கிவிட்டேன். பணிந்த மறுவாரம் மறுபடி எழுந்தாரே, அந்த எழுச்சியைத் திருடிவிட்டேன். யாருக்கு அது வேண்டியிருந்தது? மாளிகையில் இருப்பவனுக்கா? மேடையில் நிற்கும் எனக்கா? பெரட்டில் நிற்கிறவளுக்கு வேண்டியிருந்தது! வேலையும் வீடும் ஒரே கையில் இருக்கிற இடத்தில் வாழ்கிறவளுக்கு வேண்டியிருந்தது! இன்றைக்குக் குனிந்தவர் நாளைக்கு நிமிரலாம் என்று ஒரே ஒரு வரி! அந்த வரியைச் சொல்லத்தானே நாடு சமைத்தவர்களின் கதையை நாம் எழுதுகிறோம்? அதைச் சொல்லாவிட்டால் அந்தப் புத்தகம் எதற்கு? அந்தப் படம் எதற்கு? அந்த மீசை எதற்கு?

புதிய பதிப்பில் பன்னிரு படங்களும் தனித்தாளாக, பின்புறம் வெறுமையாக இருக்கின்றன. வாசலோரம் நிற்கும் பொன்னையா அவர்களே, தாராளமாய் ஒட்டுங்கள். சரித்திரம் தனிப் புத்தகமாக இருக்கிறது. மற்றப் பதினொருவரையும் திரும்பத் திருத்தியிருக்கிறேன். அதில் தோற்ற இடம் தோற்றதாகவும், அழுத இடம் அழுததாகவும் இருக்கின்றன. கர்ஜனைகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். புத்தகம் பாதியாகிவிட்டது.

நாலாவது வரிசையில், தூணுக்கு வலப்புறம், ரெங்கம்மா உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் மகள் இருக்கிறாள். அம்மா, நீங்கள் எழுந்திருக்க வேண்டாம். நான்தான் நின்றுகொண்டு கேட்கவேண்டும். அந்த ஓடைக்கரையில் உங்கள் பிள்ளைக்கு விளக்கில்லாமல் போனதற்குக் கணக்கப்பிள்ளை பாதிக் காரணம். மீதிப் பாதி நான். இத்தனை பேர் முன்னால், இரு கை கூப்பி, உங்களிடமும் உங்கள் மகளிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் இஷ்டம். முதற்பிரதியை இந்த அவையின் பெரியவர்களுக்குக் கொடுப்பதாக அழைப்பிதழில் அச்சடித்திருந்தோம். நானாவின் அனுமதியோடு அதை மாற்றுகிறேன். பாக்கியலெட்சுமி, முதற்பிரதி உனக்கு. இங்கே வந்து வாங்க வேண்டாம், கூட்டம் முடிந்ததும் நான் இறங்கி வந்து தருகிறேன்.

பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், பிள்ளையை மடியில் போட்டுத் தூங்கவைத்துக்கொண்டே கேட்ட தாய்மார்களுக்கும், என் பிழையைப் பொறுத்துத் தலைமை ஏற்ற நானாவுக்கும், தூணுக்குப் பின்னாலிருக்கும் ஜெயராசாவுக்கும் என் நன்றி. இளைஞர்களே, இளம்பெண்களே! புத்தகத்தில் எந்தப் பெரியவராவது நம்ப முடியாத அளவுக்கு நல்லவராக இருந்தால், கடைவீதியில் என் கடை எல்லாருக்கும் தெரியும். வந்து கேளுங்கள், எதற்குக் கேட்கிறாய் என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்வேன்.

அனைவருக்கும் என் வணக்கம். போய்வாருங்கள்.